வியாழக்கிழமை உங்கள் முறை

விஆம் இறந்த பிறகும் வாரம் தவறாமல் வியாழக்கிழமை அவளுக்கு ஆஸ்பத்திரியில் முறை இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அவளுடைய ஃபோனுக்குச் செய்தி வரும். "அன்புள்ள விஆம், வியாழக்கிழமை உங்கள் முறை. தாமதிக்க வேண்டாம்." அவள் போகமாட்டாள். வெள்ளிக்கிழமை இன்னொரு செய்தி வரும். "நீங்கள் வர இயலாமல் போனதற்கு வருந்துகிறோம். அடுத்த வியாழக்கிழமை உங்களுக்காக ஒதுக்கப்பட்டுள்ளது." உயிரோடு இருந்தபோது அந்த ஆஸ்பத்திரி அவளிடம் இவ்வளவு பிரியமாக நடந்துகொண்டதில்லை.

ஃபோனை அணைத்துப் போட்டிருக்கலாம். அவள் கணவன் ஹாஸிம் அணைக்கவில்லை. தினமும் சார்ஜ் போட்டான். 'தாமதிக்க வேண்டாம்' என்ற இரண்டு சொற்களையும் தண்டனை பெற்றவனைப் போல வாரம் ஒருமுறை படித்தான்.

நடந்தது அதிகமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அடிவயிற்றில் வலி வந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம் ஹாஸிம்" என்றாள். அவன் ஆஸ்பத்திரியின் இணையதளத்தில் பெயரைப் பதிந்தான். வியாழக்கிழமை என்று வந்தது. திங்கட்கிழமை மறுபடியும் சொன்னாள். "சிஸ்டம் வியாழன்னு குடுத்திருக்கு விஆம். முறை இல்லாமப் போனா வாசல்லயே திருப்பி அனுப்பிருவான்" என்றான். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. செவ்வாய் விடிவதற்குள் குடல்வால் வெடித்து இறந்துபோனாள்.

அவன் சொன்னதில் அவனுக்கு முழு நம்பிக்கை இருந்தது. அதுதான் அவனை அரித்தது. கெய்ரோவின் ஷுப்ராவில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அவன் கணினி ஆசிரியர்; ஊராருக்கு 'உஸ்தாஸ்'. ஒவ்வோர் ஆண்டும் ஒரே பாடம்: 'கணினித் தலைமுறைகள், அவற்றின் நிறைகளும் குறைகளும்.' கரும்பலகையில் ஐந்து வரிசை, இரண்டு பத்தி. முதல் தலைமுறை வெற்றிடக் குழாய்: பெரியது, சூடானது. இரண்டாவது டிரான்சிஸ்டர். மூன்றாவது சில்லு. நான்காவது மேசைக்கு ஒன்று. ஐந்தாவதுக்கு நேரே நிறை என்ற பத்தியில் 'மனிதரின் மொழியைப் புரிந்துகொள்ளும்' என்று பாடநூல் போட்டிருந்தது. குறை என்ற பத்தி காலி. பாடநூல் குழு பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் கேட்டால், "குறை கிடையாது, அதான் எழுதல" என்பான் ஹாஸிம்.

ரொட்டிக்கடையிலும் விஆம் உயிரோடுதான் இருந்தாள். ரேஷன் அட்டையைத் தேய்த்தால் இருவருக்கான ரொட்டி வந்து விழுந்தது. "என் பங்கு மட்டும் போதும்" என்றான் ஒருநாள். "மெஷின் குடுக்கறதை நான் எப்படிக் கொறைக்கிறது, உஸ்தாஸ்? வாங்கிக்கங்க, வீட்டுல சாப்பிடட்டும்" என்றான் கடைக்காரன். அவளுடைய ரொட்டிகளை பால்கனியில் காயப்போட்டான். கெய்ரோவில் ரொட்டியைக் குப்பையில் போடமாட்டார்கள். குவியல் கைப்பிடிச் சுவர் உயரத்துக்கு வளர்ந்தபோது எதிர் பால்கனி உம்மு லுஅய், "யாருக்குடா இவ்வளவு ரொட்டி?" என்று கேட்டாள். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞன் திரையைப் பார்த்தான்.

"அவங்க முறை அப்படியே இருக்கு சார். ஒண்ணும் கவலைப்படாதீங்க."

"அதை எடுக்கணும்."

"எதுக்கு எடுக்கணும்?"

ஹாஸிம் சொன்னான். இளைஞன் அனுதாபத்தோடு மறுபடியும் திரையைப் பார்த்தான்.

"ஆணையத்துல அவங்க உயிரோட இருக்காங்க. உயிரோட இருக்கறவங்க முறையைப் பறிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. அது அவங்க உரிமை."

ஆணையம் என்றால் உயிர்நிலை ஆணையம். நாட்டில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதை அது சொல்லும். ஹாஸிம் அங்கே போனபோது வரவேற்பு மேசையில் மேடம் இன்ஷிராஹ் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். ஒரு கையால் தேநீரைக் கலக்கிக்கொண்டே மறு கையால் அவனுடைய பழைய ரசீதை வாங்கிப் படித்தாள்.

"இதுல 'வாழ்கிறாள்'னு இருக்கே."

"தெரியும் மேடம்."

"நீங்கதான் சொல்லியிருக்கீங்க. ஃபஸீஹா கிட்ட."

கூடத்தின் நடுவில் குளிரூட்டியின் நேர்க் காற்றில் நின்ற ஐந்தாம் தலைமுறைக் கணினிதான் ஃபஸீஹா. பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளும். விஆமைப் புதைத்த வாரத்தில் சுகாதார ஆய்வாளரின் சான்றோடு அவன் அதன் முன்னால் நின்றிருந்தான். "உங்கள் மனைவி எப்படி இருக்கிறார்?" என்று இனிமையாகக் கேட்டது. கெய்ரோவில் தன் வீட்டுச் சாவை யாரும் சாவு என்ற வார்த்தையால் சொல்வதில்லை. உன் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டால், 'தஈஷ் இன்தா' என்பார்கள். 'நீ வாழ்வாய்' என்று அர்த்தம். கேட்டவன் புரிந்துகொண்டு தலையைத் தாழ்த்துவான். ஹாஸிமும் அதைத்தான் சொல்ல வந்தான். 'தஈஷ்' வரை வந்தது. தொண்டை அடைத்துக்கொண்டது. 'இன்தா' வரவில்லை. தஈஷ் என்று மட்டும் சொன்னால் அரபியில் 'அவள் வாழ்கிறாள்' என்றும் ஆகும்.

ஃபஸீஹா, "இறைவனுக்கே புகழ்" என்றது. ரசீது வந்தது. அவன் படிக்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"நான் தஈஷ் இன்தான்னு சொன்னேன், மேடம்."

"தஈஷ் இருக்கு. இன்தா எங்க?"

"தொண்டை அடைச்சிருச்சு."

"அதைப் பதியறதுக்கு அதுல எடம் கிடையாதுப்பா." தேநீரை ஒரு மிடறு குடித்தாள். "என் தம்பிக்கும் இப்படித்தான் ஆச்சு. அவன் வீட்டுக்காரி இன்னும் ஓட்டுப் போடறா. சரி கேளுங்க. ஃபஸீஹா சொன்னதை மனுஷங்க மாத்த முடியாது. அதுக்குக் கீழ நாலு தலைமுறை இருக்கு. நாலும் ஒண்ணாச் சொன்னா அது மறுபடியும் கேக்கும். நிலவறையில ஆரம்பிச்சு மேல ஏறிட்டே போங்க. லிஃப்ட்டை நம்பாதீங்க."

"பழசெல்லாம் இன்னும் இருக்கா?"

"எதையும் தூக்கிப் போடல. எதையாவது தூக்கிப் போட ஒருத்தர் கையெழுத்துப் போடணுமில்ல."

ஹாஸிமின் கரும்பலகை நிலவறையில் உண்மையாகவே இருந்தது. அறை முழுக்கக் கண்ணாடிக் குழாய்கள் சிவந்து எரிந்தன. அந்த இயந்திரத்தைக் குப்பைக்கு அனுப்பும் செலவைக் கணக்குப் பார்த்த ஒரு நட்பு நாடு அதை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தது. அதன் தலைமேல் ஒரு மொச்சைப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. உள்சட்டையோடு நின்ற ஷாஃபிஈ என்பவர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"வாங்க உஸ்தாஸ், சாப்பிட்டாச்சா? இந்த மெஷின் இருக்காரே, இவரோட நிறை என்னன்னா, மொச்சை பதமா வேகும்."

"குறை?"

"ஆகஸ்ட் மாசத்துலயும் வேகும்."

ஹாஸிம் விஷயத்தைச் சொன்னான். ஷாஃபிஈ ஒரு பிடியை இழுத்தார். விளக்குகள் மினுங்கின. இரண்டு குழாய் வெடித்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"பொறந்திருக்காங்க."

"இறந்தது?"

"அது இவருக்குத் தெரியாது. ஞாபகம் கம்மி. பொறப்புக்கே எடம் சரியாப்போச்சு. சாவுக்கு இன்னொரு அறை வேணும்னு அப்பவே எழுதிக் கேட்டோம், பதில் வரல. இவர் வரைக்கும் இந்த நாட்டுல எவனும் சாகல, உஸ்தாஸ். பொறந்தவன் பொறந்ததோட சரி." ஒரு துண்டுச் சீட்டில் முத்திரை குத்தினார். 'பிறந்தாள். மேற்கொண்டு மறுப்பில்லை.' பிறகு ரொட்டியில் மொச்சையை வைத்து மடித்துக் கையில் திணித்தார். "வீட்டுக்காரி போனா ஆம்பளைங்க சாப்பிட மாட்டாங்க. புடிங்க."

இரண்டாம் தலைமுறைக்கு ஜன்னல் உண்டு. அங்கே ஆளுக்கொரு துளை அட்டை இருந்தது. பிறந்தால் இடது மூலையில் துளை, கல்யாணத்துக்கு நடுவில், இறந்தால் வலது மூலையில். முன்ஸிஃப் என்ற எழுத்தர் விஆமின் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வலது மூலையில் ஒரு துளை தெரிந்தது.

"இதோ இருக்கே" என்றான் ஹாஸிம்.

"அவசரப்படாதீங்க. இது அரசு போட்ட ஓட்டையா, எலி போட்ட ஓட்டையான்னு பாக்கணும்." பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "அரசு ஓட்டைன்னா நாலு பக்கமும் நேரா இருக்கும். இது எலி."

"ஆனா அவ நிஜமாவே..."

"எலிக்கு அது எப்படித் தெரியும்? தெரியாமச் சொன்ன உண்மை செல்லாது. துளை ஆய்வுக் குழு கூடித்தான் முடிவு பண்ணணும். குழுவுல மூணு பேர். ரெண்டு பேர் காலமாயிட்டாங்க. அவங்க அட்டையில ஓட்டை போடாததால இன்னும் உறுப்பினராத்தான் இருக்காங்க. கூட்டத்துக்கு வராததுதான் பிரச்சினை."

"வேற வழி?"

"நெருங்கின சொந்தம் யாராவது ஓட்டை போடலாம். எலி போட்டது மேலயே." முன்ஸிஃப் துளை போடும் இரும்புப் பொறியை அவன் பக்கம் நகர்த்தினார். "கையை மேல வைங்க. பயப்படாதீங்க, பழகிரும். ஓங்கி அழுத்தணும். மெதுவா அழுத்தினா பாதி செத்த மாதிரி நின்னுரும், அது ரொம்பத் தொல்லை."

ஹாஸிம் கையை வைத்தான். இரும்பு குளிர்ந்திருந்தது. அழுத்தினான். டக் என்றது. ஒரு சின்ன அட்டைத் துணுக்கு அவன் செருப்பின் மேல் விழுந்தது.

"சுத்தமான ஓட்டை. உங்களுக்கு நல்ல கை" என்று பாராட்டினார் முன்ஸிஃப்.

படியேறும்போது அந்தக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

மூன்றாம் தலைமுறைக்கு அலமாரி அளவு உடம்பு, சுழலும் நாடாக்கள். வேகம் அதிகம், ஞாபகம் அதிகம். ஆனால் அதைச் செய்த ஊரில் ஹம்ஸா என்ற எழுத்தைப் பற்றி யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஹம்ஸா என்பது ஒலிகூட அல்ல. பேசும்போது தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறப்பதுதான் ஹம்ஸா. விஆமின் பெயருக்கு நடுவில் அது இருந்தது. இயந்திரம் அதற்குப் பதில் தன்னிடம் இருந்த வேறோர் எழுத்தைப் போட்டுக்கொண்டது.

"விஆம்னு யாரும் இல்லியே" என்றாள் நாடா அறைப் பெண். கழுத்தில் கண்ணாடி தொங்கியது. "வியாம்னு ஒருத்தங்க இருக்காங்க. கணவர் பேர் ஹாஸிம், ஷுப்ரா. உயிரோட, சுகமா இருக்காங்க."

"அது அவதான்."

"அவங்க எப்படி? நீங்க சொல்ற விஆம் கீழ் மாடியில செத்துட்டாங்க, சீட்டு கையில இருக்கு. இந்த வியாம் சாகல. ஆக உங்களுக்கு ரெண்டு பேர். ஒருத்தர் போயிட்டாங்க, இன்னொருத்தர் இருக்காங்க." குரலைத் தாழ்த்தினாள். "நாலு வரைக்கும் சட்டத்துல எடம் இருக்கு. வெக்கப்படாதீங்க."

"எனக்கு ஒரே மனைவி."

"அப்படின்னா வியாமை விவாகரத்து பண்ணிருங்க. சாவை விட அது சுலபம், ஒரே ஃபாரம்தான். இல்லைன்னா ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அப்ப இவங்களும் போயிருவாங்க."

பேனாவை நீட்டினாள். நாடா சுழன்றது. அந்த நாடாவில் எங்கேயோ வியாம் இருந்தாள். தொண்டை அடைக்காத பெயர். அவளுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வலி வந்திருக்கும். போயிரலாம் என்றிருப்பாள். நாடாவில் இருக்கும் அந்த ஹாஸிம் உடனே செருப்பை மாட்டியிருப்பான். அவன் சிஸ்டத்தைப் பற்றிப் பேசியிருக்கமாட்டான். அதனால்தான் அவள் உயிரோடு, சுகமாக இருக்கிறாள்.

"உஸ்தாஸ், பின்னாடி ஆள் நிக்கறாங்க."

கையெழுத்துப் போட்டான். ஒரே நாளில் அவன் கையால் இரண்டாவது சாவு.

நான்காம் தலைமுறையின் நிறை மேசைக்கு ஒன்று என்பது. குறையும் அதுதான். அந்த மாடியில் எழுத்தர் எத்தனை பேரோ அத்தனை கணினி, அத்தனை விஆம். ஒருவருடைய கணினியில் அவள் இறந்திருந்தாள். அடுத்ததில் வெளிநாடு போயிருந்தாள். மூன்றாவதில் ஆண். ஜன்னலோரம் இருந்தவர் சீட்டாட்டத்தைச் சுருக்கிவிட்டுப் பார்த்து, "இதுல அவங்களுக்குக் கல்யாணமே ஆகலியே" என்றார். ஹாஸிம் அந்தத் திரையை மட்டும் சற்று அதிக நேரம் பார்த்தான். அந்த விஆம் வேறு யாரையாவது கட்டியிருந்தால் இன்று எங்கேயாவது பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருப்பாள்.

"இதையெல்லாம் யார் ஒண்ணாச் சேக்கறது?"

"தலைமைக் கணினி. அதுக்குக் கடவுச்சொல் இன்ஜினியர் வஜ்தீ கிட்ட இருக்கு. அவர் குவைத்துல வேலை பாக்கறார்."

"அப்ப யாருக்கும் தெரியாதா?"

"எல்லாருக்கும் தெரியும், அவங்கம்மா பேருதான். ஆனா எங்களுக்குத் தெரியாது" என்றார் சீட்டாட்டக்காரர். "தெரிஞ்சா விசாரணை வரும்." கடைசியில் கையைத் தூக்கச் சொல்லி ஓட்டெடுத்தார்கள். தேநீர் வந்துவிட்டதால், சீக்கிரம் முடியட்டும் என்று பாதிப் பேர் இரண்டு கையையும் தூக்கினார்கள். விஆம் பெரும்பான்மையில் இறந்தாள்.

நான்கு சீட்டுகளோடு அவன் உச்சி மாடிக்குப் போனான். அங்கே தலைமை இயக்குநர் டாக்டர் ஷௌகத் இருந்தார். அறையில் கணினி இல்லை. மேசைமேல் பூச்சாடி மட்டும். சீட்டுகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. நாலையும் ஒன்றாகச் சொல்லவைத்த முதல் ஆள் ஹாஸிம்தானாம்.

"நீங்க ஆசிரியராமே? அப்ப உங்களுக்குப் புரியும். உக்காருங்க." அவர் எழுந்து நின்றுகொண்டார். "எங்ககிட்ட குறை இல்லைன்னு நான் சொல்லவே மாட்டேன். மாடிக்கு மாடி குறை இருக்கு. அதுக்காகத்தான் அடுத்த மாடி கட்டினோம். முதல் இயந்திரத்துக்கு ஞாபகம் போதல, ரெண்டாவது வாங்கினோம். ரெண்டாவதை எலி தின்னுச்சு, மூணாவது வாங்கினோம். மூணாவதுக்கு நம்ம எழுத்து தெரியல. அதுக்காக எழுத்தை விட்டோமா? இல்லை, நாலாவது வாங்கினோம். ஏன் ஒண்ணைக்கூடத் தூக்கிப் போடலன்னு வெளிநாட்டுக்காரங்க கேக்கறாங்க. நான் என்ன சொல்வேன் தெரியுமா? ஒரே இயந்திரம் இருந்தா தப்பு யாருதுன்னு தெரிஞ்சுபோயிரும். அஞ்சு இருந்தா தெரியாது. இத்தனை வருஷத்துல இந்த ஆணையத்து மேல ஒரு தப்புகூட நிரூபிக்கப்படல. இதைப் பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க."

"ஃபஸீஹாவுக்குக் குறை?"

"கிடையாது. உங்க பாடப்புத்தகத்துலயே காலியா விட்டிருக்கு பாருங்க. அந்தக் குழுவுக்கு நான்தான் தலைவர்." சிரித்தார். "ஆறாவது வருது. கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே பதிலைப் பதிஞ்சிரும். சரி, கீழ போவோம். ஒரு போட்டோக்காரனை வரச் சொல்லியிருக்கேன்."

கூடத்தில் வரிசையை ஒதுக்கிவிட்டார்கள். ஃபஸீஹாவின் முன்னால் ஹாஸிமை நிறுத்தினார்கள். மேடம் இன்ஷிராஹ் பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள்.

"இன்தா, தஈஷ் எதுவும் வேணாம்ப்பா. நேரா அந்த வார்த்தையையே சொல்லிருங்க. தொண்டையை அடைக்க விடாதீங்க. தண்ணி வேணுமா?"

வேண்டாம் என்று தலையசைத்தான்.

"நல்வரவு ஹாஸிம்" என்றது ஃபஸீஹா. "உங்கள் மனைவி எப்படி இருக்கிறார்?"

அந்த வார்த்தையை அவன் இதுவரை வாயால் சொன்னதில்லை. உம்மு லுஅயிடம் சொன்னதில்லை, விஆமின் அம்மாவிடம் சொன்னதில்லை.

"செத்துட்டா."

வரிசையில் யாரோ ஒருவர் 'லா ஹவ்ல' என்று இறைவனை அழைத்து முணுமுணுத்தார். சொந்த மனைவியைப் பற்றி ஒருவன் இப்படிச் சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை.

"பதியப்பட்டது. காரணம்? நோய், விபத்து, முதுமை, மற்றவை."

நோய் என்று சொல்லியிருக்க வேண்டும். சான்றில் அதுதான் இருந்தது. ஒருமுறை திறந்த தொண்டை மூடவில்லை.

"வியாழக்கிழமை வரைக்கும் நான் காக்க வச்சேன்" என்றான்.

ஃபஸீஹா சற்று யோசித்தது. "காரணம்: காத்திருப்பு. பொறுப்பு: கணவர். ஒப்புக்கொள்கிறீர்களா?"

"வேணாம் உஸ்தாஸ்" என்று மேடம் இன்ஷிராஹ் அவன் கையைப் பிடித்தாள். "மற்றவைன்னு சொல்லுங்க. நோய்னு சொல்லுங்க. இப்படியும் ஒருத்தர் சொல்வாங்களா?"

"மேடம், அவரைப் பேச விடுங்க" என்றார் டாக்டர் ஷௌகத். குரலில் ஆவல் தெரிந்தது.

"ஒப்புக்கறேன்" என்றான் ஹாஸிம்.

ஆணையத்தின் வரலாற்றில் 'பொறுப்பு' என்ற கட்டத்தில் ஒரு பெயர் விழுந்தது அதுவே முதல் முறை. டாக்டர் ஷௌகத் கைதட்டினார். எழுத்தர்களும் தட்டினார்கள். போட்டோக்காரன், "இப்படித் திரும்புங்க சார்" என்றான்.

கைதட்டல் அடங்கியதும் ஃபஸீஹா துக்கம் கேட்டது. எல்லோரும் சொல்வதையே அதற்கும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். "அவருடைய மிச்சம் உங்கள் ஆயுளில் சேரட்டும்." கெய்ரோவில் இதைக் கேட்காத சாவு வீடு இல்லை. யாரும் இதை நிறுத்தி யோசித்ததும் இல்லை. ஃபஸீஹா மொழியைப் புரிந்துகொள்ளும் இயந்திரம். அது யோசித்தது.

"சேர்க்கப்பட்டது" என்றது.

ரசீது வந்தது. இந்த முறை ஹாஸிம் படித்தான். முப்பத்தொரு வயதில் நின்றுபோன விஆமின் சராசரி ஆயுளில் மீதி ஆண்டுகள் முழுவதும் ஹாஸிமின் ஆயுளோடு கூட்டப்பட்டிருந்தன. கூடவே ரேஷன் ரொட்டியில் அவள் பங்கு. கூடவே நிலுவையில் உள்ள இதர உரிமைகள்.

"இதை எடுக்க முடியாதா?"

"எடுக்கறதா? சேத்துக் குடுத்திருக்கு, உஸ்தாஸ்" என்றார் டாக்டர் ஷௌகத். "நெறைய நாள் இருப்பீங்க. நாங்க வாயால சொல்றதோட விட்டுருவோம், அது செஞ்சு காட்டுது பாருங்க." அவன் தோளில் தட்டிவிட்டு லிஃப்டுக்கு நடந்தார். லிஃப்ட் வரவில்லை. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் படியில் ஏறினார்.

மேடம் இன்ஷிராஹ் மட்டும் வாசல்வரை வந்தாள். "கீழ ஷாஃபிஈயோட மெஷின்ல அவங்க இன்னும் பொறந்துதான் இருக்காங்க" என்றாள். "மனசு சரியில்லைன்னா வாங்க. மொச்சையாவது கிடைக்கும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் விஆமின் ஃபோன் சத்தம் போடவில்லை. ஹாஸிம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேசைமேல் இருந்த அவனுடைய ஃபோன் அடித்தது.

"அன்புள்ள ஹாஸிம், வியாழக்கிழமை உங்கள் முறை. தாமதிக்க வேண்டாம்."

படித்தான். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான். பள்ளிக்குச் சொல்லவில்லை. வாசலில் ஒரு டாக்ஸியை நிறுத்தி, ஆஸ்பத்திரி என்றான். அவளோடு போயிருந்தால் எந்த வழியாகப் போயிருப்பானோ அதே வழிதான். காலை நெரிசலிலும் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

வாசலில் காவலாளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"முறை எப்ப?"

"வியாழக்கிழமை."

"இன்னைக்கு செவ்வாய் சார்."

"தெரியும். வியாழன் வரைக்கும் இருக்க முடியாது."

காவலாளி அவனை மேலும் கீழும் பார்த்தான். "வலியா?"

"அடிவயித்துல" என்றான் ஹாஸிம்.

"அட, அதை மொதல்ல சொல்றதுக்கென்ன? முறையெல்லாம் சும்மா காமிக்க வர்றவங்களுக்கு. வலின்னா அந்தப் பக்கத்துக் கதவு." விதைத் தோலைத் துப்பிவிட்டுக் கையால் காட்டினான். "பேரெல்லாம் பதிய வேணாம். நேரா உள்ள போங்க, டாக்டர் இருப்பார்."

"முறை இல்லாம விடுவாங்களா?"

"அதுக்கு எதுக்கு முறை? அது எப்பவும் தொறந்துதான் கெடக்கும்."

ஹாஸிம் திரும்பிப் பார்த்தான். சுவரை ஒட்டி ஒரு சாதாரண மரக்கதவு. கீழே செங்கல் ஒன்றை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள், சாத்திக்கொள்ளாமல் இருக்க.